கப்பலில் பிறந்தவர்கள்

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. பள்ளியின் வெளித்திண்ணையில் ஒரு கிதாபைப் புரட்டியவாறு நாம் அமர்ந்திருந்தோம். இருபது வயது மதிக்கத்தக்க மாணவர் ஒருவர் தோளில் பையும் கையில் நோட்டுப் புத்தகமுமாக வந்து, ஸலாம் உரைத்துத் தயங்கி நின்றார். வட்டி, வங்கிக் கடன், பங்குச் சந்தை இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிய மஸ்அலாவாக இருக்கும் என்று எண்ணி, "அமருங்கள் தம்பி" என்றோம்.

"ஹஜரத், நான் ஒரு கதை எழுதுகிறேன். அதில் ஒரு கப்பல். நானூறு ஆண்டுகள் ஓடும் கப்பல். அதில் இருப்பவர்களுக்கு என்னென்ன சட்டங்கள் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்" என்றார் அவர்.

பொத்தேரியில் இத்தகைய கேள்விகள் வருவது புதிதன்று. சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மின்சார ரயில் நிற்கும் ஊர்களில் ஒன்று இது. பெயரின் ஈற்றிலேயே ஓர் ஏரியைச் சுமந்திருக்கும் ஊர். எண்பதுகளில் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் பல்கலைக்கழகமாய் விரிந்தபின், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிகின்றனர். வெள்ளிக்கிழமைகளில் நம் பின்னால் நிற்கும் வரிசைகளில் பாதி இவர்கள்தாம். நாம் ஓதிய காலத்தில் கேள்விகள் கிதாபுகளிலிருந்து பிறந்தன. இப்பிள்ளைகளின் கேள்விகளோ ஆய்வுக்கூடத்திலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பிறக்கின்றன. விடை மட்டும் பழைய கிதாபில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். அந்த எதிர்பார்ப்பு நமக்குப் பிடித்திருக்கிறது.

மாணவர் நாகூர்ப் பக்கத்தவர். விண்வெளிப் பொறியியல் படிக்கிறார். அவர் சொன்ன விவரம் இது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி. 'அருகில்' என்பது பெயரளவில்தான். அதன் ஒளி இங்கு வந்து சேர 4 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் விரைகிறது. அதே வேகத்தில் அந்த விண்மீனின் தூரத்தைக் கடக்க எழுபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். மாணவர் தம் கதைக் கப்பலுக்கு ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கைத் தந்திருந்தார். அப்போதும் 424 ஆண்டுகள். ஆகவே புறப்பட்டவர் எவரும் போய்ச் சேரமாட்டார். வழியிலேயே மணந்து, பெற்று, மடிவர். பதினாறு, பதினேழு தலைமுறை கழிந்தபின் வரும் பேரப்பிள்ளைகளே கரையைக் காண்பர்.

இது அவருடைய சொந்தக் கற்பனையன்று. ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி சென்ற நூற்றாண்டின் இருபதுகளிலேயே இதை எண்ணிப் பார்த்தாராம். அமெரிக்க எழுத்தாளர் ஹைன்லைன் 1941இல் எழுதிய கதையில், கப்பலில் பிறந்து வளர்ந்தோர் தாம் கப்பலில் இருப்பதையே மறந்து, அதையே முழு அண்டம் என்று நம்பிவிடுகின்றனராம். 2015இல் ராபின்சன் என்பார் எழுதிய நாவலில் போய்ச் சேர்ந்தவர்களுள் ஒரு சாரார் கப்பலைத் திருப்பிக்கொண்டு பூமிக்கே வருகின்றனராம். இவற்றை நாம் படித்ததில்லை. மாணவர் சொல்லக் கேட்டோம்.

அவர் முதலில் கேட்டவை இபாதத் பற்றிய கேள்விகள். அவை நம்மைத் திணறடிக்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவைதாம் எளியவை. ஓடும் கப்பலில் தொழுவது எப்படி என்று நம் சட்டமேதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கின்றனர். ஓடும் கப்பலில் காரணமின்றியும் அமர்ந்து தொழலாம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர் இருவரும் தக்க காரணம் இருந்தாலன்றிக் கூடாது என்றனர். கப்பல் திரும்பத் திரும்பத் தொழுபவரும் கிப்லாவின்பால் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பதும் கிதாபுகளில் உண்டு. 2007ஆம் ஆண்டு ரமலானில் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸஃபர் சர்வதேச விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது, அந்நாட்டு உலமாக்கள் கூடி வழிகாட்டி நூலொன்றே வெளியிட்டனர். நாளொன்றுக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும் அவ்விடத்தில், புறப்பட்ட ஊரின் நேரப்படி தொழலாம். கஅபாவை நோக்க இயலாவிடில் அதற்கு நேரான திசையை, அதுவும் இயலாவிடில் பூமியை, அதுவும் இயலாவிடில் இயன்ற திசையை நோக்கலாம் என்றனர். மார்க்கம் இலேசானது.

நம்மைத் தடுத்து நிறுத்தியது வேறொரு கேள்வி. "கப்பலில் பிறந்தவன் முஸாஃபிரா, முகீமா? நான்கு ரகஅத்தா, இரண்டா?" என்றார் அவர்.

விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, நமக்கு அது விளையாட்டாகப் படவில்லை. நம் ஹனஃபி மத்ஹபில் கப்பல் குடியிருப்புக்குரிய இடமாகாது. அங்கே தங்குவதாக நிய்யத்து வைத்தாலும் செல்லாது. மாலுமி எத்தனை நாள் கடலில் இருந்தாலும் பயணியே. ஆனால் இமாம் அஹ்மது (ரஹ்) வேறுவிதமாகக் கண்டார். மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழ்ந்து, கரையில் வீடு என்று ஒன்று இல்லாத மாலுமி பயணியல்லர். அவர் தொழுகையைச் சுருக்கலாகாது. அவருடைய வீடு அவரோடு நகர்கிறது, அவ்வளவே. இந்த மஸ்அலாவை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அன்றுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. பயணி என்பவன் புறப்பட்டவன். கப்பலில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் புறப்படவில்லை. பாட்டனார் செய்த பிரயாணத்தை அக்குழந்தையின் தலையில் எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

மாணவரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். மக்கள் தொகை இரண்டாயிரம். 98 பேர் இருந்தாலே தலைமுறை தலைமுறையாய்க் குலம் நோயின்றித் தழைக்கும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் 2018இல் கணக்கிட்டிருந்தனராம். ஆனால் யார் யாரை மணப்பது, எப்போது பெறுவது என்பதையெல்லாம் விதிப்படி கட்டுப்படுத்தினால்தான் அக்கணக்கு நிற்குமாம். மாமன் மகளையும் மாமி மகனையும் விட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் கிடைக்காத குடும்பங்களை நாம் அறிவோம். அவர்கள் அக்கப்பலில் ஏறத் தகுதியற்றவர்கள் என்று சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மேல்தளத்தில் தோட்டங்களும் மாலுமிகளின் குடியிருப்புகளும். கீழ்த்தளத்தில் இயந்திரங்கள், கழிவு நீரைச் சுத்திகரிக்கும் தொட்டிகள், அவற்றைப் பராமரிப்போர். இயந்திரம் பார்ப்பவர் பிள்ளை இயந்திரம் பார்க்க வேண்டும். மாலுமியின் பிள்ளை மாலுமி. குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள். கப்பலின் திசையைப் பற்றிக் கேள்வி எழுப்புவது குற்றம். இவ்விதிகளைப் படித்த நண்பர்கள், "நம்பும்படி இல்லை, நானூறு ஆண்டு யார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்?" என்றனராம். அதற்காக அவர் ஒரு காவற்படையைச் சேர்த்திருந்தார்.

"காவலருக்கும் பிள்ளைகள் பிறக்குமே, தம்பி" என்றோம்.

மனிதர் கப்பலில் எதையும் பொறுப்பர், கரை தம் ஆயுளுக்குள் வரும் என்றால். நம் குடும்பத்தில் கப்பல் என்றால் அது 'ரஜூலா'தான். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அரை நூற்றாண்டு காலம் ஓடிய கப்பல். நம் பெரிய பாட்டனார் அதில் 'டெக்குப் பயணி'யாகப் பினாங்கு சென்றவர். முதல்நாள் பாயை எங்கே விரித்தாரோ அதுவே வாரம் முழுதும் அவருடைய ஊர், வீடு, எல்லாம். மேலே முதல் வகுப்பில் துரைமார். கீழே பாய் விளிம்போடு பாய் விளிம்பாக நம் மக்கள். கக்கூஸுக்கு வரிசை, குடிநீருக்கு வரிசை. எவரும் கலகம் செய்யவில்லை. ஏழாம் நாள் இறங்கிவிடலாம் என்பதே அங்கிருந்த சட்டம், காவல், சமாதானம் அனைத்தும். இறங்கும் நாள் அவர்களுடைய பேரனுக்குப் பேரன் காலத்தில் என்றிருந்தால் அந்தப் பாய்கள் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வேண்டுமானால் இன்னொன்றும் சொல்லலாம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் மூன்று ஏக்கர் பரப்பில் கண்ணாடிக் கூடாரமொன்றை எழுப்பி, உள்ளே காடு, வயல், சிறு கடல் எல்லாம் அமைத்து, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடினர். இரண்டாண்டுப் பரிசோதனை. காற்றிலுள்ள பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கிலிருந்து 14 பங்களவுக்கு இறங்கிவிட, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டன. அவை வெளிவிட்ட கரியமில வாயுவைப் புதுக் கட்டடத்தின் காங்கிரீட் சத்தமின்றி உறிஞ்சியிருந்தது. அதனினும் பெரிய செய்தி, அந்த எட்டுப் பேர் இரண்டு கட்சிகளாகப் பிரிந்ததே. தாமே விரும்பி உள்ளே சென்றவர்கள் அவர்கள். வெளியேறக் கதவும் இருந்தது.

மாணவர் இவற்றையெல்லாம் நம்மைவிட நன்கறிந்திருந்தார். அவர் அறியாமலிருந்தது ஒன்றே. அது நம் பாடத்தில் இருந்தது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் ஹதீஸை நம் வாசகர்களுள் கேளாதார் இரார். ஒரு கூட்டத்தார் கப்பலொன்றில் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டனர். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருந்தோர் நீர் எடுக்க மேலே உள்ளவர்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு அது தொல்லையாயிற்று. 'நம் பங்கில் ஒரு துளையிட்டுக்கொண்டால் மேலே இருப்பவர்களைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை' என்று கீழ்த்தளத்தார் எண்ணினர். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர், கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதற்கு ஆதாரமாக இதை மிம்பர்களில் நாம் நூறு முறை ஓதியிருப்போம்.

மாணவர் கேட்டார்: "கீழே இருந்தவர்கள் கெட்டவர்களா, ஹஜரத்?"

அல்லர். அதை நாம் போதிய அளவு சொல்வதில்லை. அவர்கள் துளையிட நினைத்ததே பிறருக்குத் தொல்லை தரலாகாது என்ற எண்ணத்தால். அவர்களுக்குத் தாகம் இருந்தது. தண்ணீர் கேட்டு நாள்தோறும் பிறர் முகம் சுளிப்பதைக் காணும் கூச்சமும் இருந்தது. கையைப் பிடிக்க வேண்டியது கடமை. பிடித்த கையில் ஒரு குடம் நீரும் கொடுத்தால்தான் அந்தப் பிடி மறுநாளும் நிற்கும். இது ஹதீஸின் வாசகமன்று, நம் விளக்கம். தவறிருந்தால் அல்லாஹ் மன்னிப்பானாக.

பிறகு அவரிடம் வேறொன்றைச் சுட்டினோம். இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸைக் கூட்டுடைமை பற்றிய பகுதியில், பங்கீட்டில் சீட்டுக் குலுக்கலாமா என்னும் தலைப்பின்கீழ் வைத்திருக்கிறார். உவமையிலுள்ள கப்பலில் அநீதி ஏதும் நிகழவில்லை. சீட்டு எல்லோர் பெயருக்கும் விழுந்தது. கீழ்த்தளம் கிடைத்தவன் தானும் குலுக்கலில் நின்றவனே. "உங்கள் கப்பலில் முதல் தலைமுறை மட்டுமே சீட்டுக் குலுக்கியிருக்கிறது. இரண்டாம் தலைமுறைக்குச் சீட்டே இல்லை. தாயின் வயிறே சீட்டு. உங்கள் நண்பர்களுக்கு நம்பிக்கை வராதது அதனால் இருக்கலாம்" என்றோம்.

நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் கப்பலில் ஏற மறுத்தான். அது அவனுடைய கேடு. எனினும் அவனிடம் கேட்கப்பட்டது. தந்தை அவனைப் பெயர் சொல்லாது 'அருமை மகனே' என்றழைத்தே கேட்டார்.

சீட்டுக் குலுக்கல் என்றதும் நம் மாவட்டத்துச் செய்தியொன்று நினைவுக்கு வந்தது. முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் நிக்காஹுக்கு அப்பக்கம் சென்றபோது, நம்மோடு வந்த தமிழாசிரியர் அழைத்துப்போய்க் காட்டினார். மண்டபத்தைச் சுற்றி வந்து பார்த்தோம். எழுத்துகள் நமக்குப் படிக்க வரவில்லை. அவர் படித்துப் பொருள் சொன்னார். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்படும். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பொறுப்புகள். ஓராண்டுதான் பதவி. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் விழலாகாது. நம் ஜமாஅத்துகளின் நிர்வாகக் கணக்குகள் வாசிக்கப்படும் நாட்களில் இவ்விதி நமக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு.

நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. கல்வெட்டு ஒன்றன்று, இரண்டு. முதலாவது 919ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாவது 921ஆம் ஆண்டுக்குரியது. முதலாவதில் வாரியத்துக்கு வரவேண்டியவரின் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இன்னும் பல திருத்தங்கள். கல்லில் வெட்டிய விதி இரண்டே ஆண்டில் போதாமற்போயிற்று. அதை அவர்கள் மறைக்கவில்லை. பழையதைச் செதுக்கி அழிக்காமல் அதே கோயிற் சுவரில் புதியதை வெட்டினர். இரண்டும் ஆயிரத்து நூறாண்டுகளாக ஒன்றாக நிற்கின்றன.

அந்தக் குடத்தில் எல்லோர் பெயரும் விழவில்லை என்பதையும் மாணவரிடம் மறைக்கவில்லை. அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஏரியைத் தூர் வாரியவன், மதகைத் திறந்தவன், அந்நீரில் உழுதவன் இவர்கள் ஓலை குடத்தை எட்டியதில்லை. பெண்கள் ஓலையும் எட்டியதில்லை. ஊர் நிலைத்தது உண்மை. ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் கீழ்த்தளம் ஒன்றும் இருந்தது. அவர்களுடைய நானூறு ஆண்டுகளை எவரும் கல்லில் வெட்டவில்லை.

மாணவர் குறித்துக்கொண்டார். "அப்படியானால் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகச் சீட்டுக் குலுக்க வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார். "கதை உங்களுடையது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். உண்மையில் அப்போது நம் மனம் கதையில் இல்லை. நம் மேசை இழுப்பறையில் இருந்த ஒரு காகிதத்தில் இருந்தது.

அதைச் சொல்வதானால் சற்றுப் பின்னே செல்லவேண்டும். நமக்கு முன் பிறந்த இருவர் குழந்தையிலேயே தவறிவிட்டனர். மூன்றாவது தங்கினால் தீனுக்காக ஓத வைப்பதாக நம் தந்தையார் நேர்ந்துகொண்டார். மர்யம் (அலை) அவர்களின் தாயார் வயிற்றுப் பிள்ளையை நேர்ந்த செய்தி நாம் அறிந்ததே. பதினோராவது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு மதரஸாவின் வாயிலில் நம்மை விட்டுவிட்டு அவர் பேருந்தில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பார் என்று பிற்காலத்தில் தாயார் சொன்னார். இலக்கணப் பாடத்தில் ஸைது அம்ரை அடித்தான் என்பது முதல் எடுத்துக்காட்டு. ஆயிரம் ஆண்டுகளாக உலகின் எல்லா மதரஸாக்களிலும் ஸைது அடித்துக்கொண்டிருக்கிறான், அம்ரு வாங்கிக்கொண்டிருக்கிறான். ஏன் அடித்தான் என்று முதல் வாரத்தில் நாம் கேட்டோம். உஸ்தாதுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். விடை சொல்லவில்லை.

குறையாக இதைக் கூறவில்லை. அரபு மொழியின் இனிமையை இவ்வாழ்வில் அருந்தக் கிடைத்தது தந்தையாரின் நேர்ச்சையால்தான். இன்னொரு முறை பிறந்து கேட்கப்பட்டாலும் இதையே விரும்புவோம் என்று எண்ணுகிறோம். ஆயினும் நாம் கேட்கப்படவில்லை. கேட்கப்படாததை நம் மகனிடமும் செய்தோம். அவர் மூன்றாம் ஆண்டில் மதரஸாவிலிருந்து தாமே ஊர் திரும்பிவிட்டார். இப்போது மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறார். தொழுகையாளி. நமக்கும் அவருக்கும் இடையே பல ஆண்டுகள் ஸலாமும் பதிலும் மட்டுமே இருந்தன.

இழுப்பறையிலிருந்த காகிதம் ஒரு வக்ஃபுப் பத்திரத்தின் நகல். முப்பது ஆண்டுகளில் சேர்த்த கிதாபுகள் ஏறக்குறைய எண்ணூறு. அவற்றையும் அவை இருக்கும் மேலறையையும் ஓதும் பிள்ளைகளுக்கென வக்ஃபு செய்ய எண்ணியிருந்தோம். அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்பதில் நம் மத்ஹபில் பேச்சு உண்டு. வழக்கத்தில் உள்ளதாயின் கூடும் என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லால் கிதாபுகளுக்கு வழி பிறந்தது. அது நிற்க. நகலில் ஆறாவது நிபந்தனை இது: 'முத்தவல்லிப் பொறுப்பு எமது ஆண் வழியில் அரபு ஓதியவரையே சாரும், இது என்றென்றும் மாற்றப்படலாகாது.'

எழுதும்போது இந்த வாக்கியம் நமக்கு மிகப் பிடித்திருந்தது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்றது என்பது சட்டமேதைகளின் விதி. மண்ணுக்குள் போனபின்பும் நம் சொல் பேசப்படும் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மேதைகள் அந்த விதிக்கு வரம்பும் வைத்திருக்கின்றனர். ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடலாகாது என்று நிபந்தனையிட்டு, ஓராண்டுக்கு எடுப்பார் எவருமில்லை என்றால் காஜி அதை மீறலாம். முத்தவல்லியை எவரும் நீக்கலாகாது என்ற நிபந்தனை தகுதியற்றவனைக் காக்காது. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் இப்னு நுஜைம் (ரஹ்) தம் 'அஷ்பாஹ்' நூலில் இத்தகைய விலக்குகளை எண்ணியே வைத்திருக்கிறார். இதையும் பாடம் நடத்தியவர்கள்தாம் நாம்.

நகலைத் தட்டச்சு செய்ய மகளிடம் கொடுத்திருந்தோம். மகனுக்குப் பாடம் சொன்ன காலத்தில் கதவுக்குப் பின்னால் அமர்ந்து கேட்டே ஓதியவர் அவர். அண்ணன் விட்டுச் சென்ற கிதாபை எடுத்து அடுத்த பாடத்திலிருந்து தொடங்கினார். இப்போது கூடுவாஞ்சேரியில் தம் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார். மாணவர் வந்துபோன மறு வாரம் தட்டச்சுப் படியோடு வந்தார். ஐந்து நிபந்தனைகள் இருந்தன. ஆறாவதன் எண் மட்டும் இருந்தது; எதிரே ஒன்றுமில்லை.

"விட்டுப் போயிற்றே அம்மா" என்றோம்.

"விட்டுப் போகவில்லை அத்தா. ஒன்று கேட்டுவிட்டு அடிக்கலாம் என்றுதான். இந்த நிபந்தனை கைபரில் இருந்திருந்தால் ஹஃப்ஸா நாயகி முத்தவல்லியாக வந்திருக்க முடியாதே?"

கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்ததே இஸ்லாமிய வக்ஃபுகளின் முன்மாதிரி என்பது எல்லோரும் அறிந்ததே. அபூதாவூதில் அந்தப் பத்திரத்தின் விவரமும் இருக்கிறது. பொறுப்பு முதலில் அவர்களுடைய மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு, உயிருள்ளவரை. பிறகு அக்குடும்பத்தில் நல்லறிவுடையோருக்கு. ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. முப்பது ஆண்டுகளாக இதை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அதை நம்மிடம் திரும்ப ஓதிக் காட்டியவர் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டவர். நமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. மகள் எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

மகனையும் அழைத்துப் பேசினோம். அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "தங்கச்சியிடமே இருக்கட்டும் அத்தா. எனக்கு அலமாரி செய்து தரும் வேலை போதும்" என்றார். நெடுநாளைக்குப் பின் அன்று இரவு உணவுக்கு இருந்து சென்றார்.

ரமலானுக்கு முன் அந்த மாணவர் மீண்டும் வந்தார். காவற்படையை எடுத்துவிட்டிருந்தார். கீழ்த்தளத்தாருக்கென ஒரு தனி நீர்க்குழாய் போட்டிருந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை, வயது வந்த எல்லோர் பெயரையும் குடத்திலிட்டுப் பணிகளையும் தளங்களையும் புதிதாகப் பங்கிடும் வழக்கத்தையும் சேர்த்திருந்தார். விதிகளைக் கல்லில் பொறித்து, திருத்தும்போது பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதியதைப் பொறிப்பதாகவும் எழுதியிருந்தார். நன்றாக இருந்தது.

"ஆனால் ஒன்று உதைக்கிறது, ஹஜரத். ஏழாம் தலைமுறை கூடி, எங்களுக்கு இந்தப் பயணமே வேண்டாம், திரும்பிவிடுவோம் என்று முடிவெடுக்கிறது. திருப்ப எரிபொருள் இல்லை. போய்ச் சேரும்போது வேகத்தைக் குறைக்கத் தேவையான அளவுதான் முதல் தலைமுறை ஏற்றியிருந்தது. அப்போது அவர்களுக்கு உரிமை கொடுத்ததாகுமா, கொடுக்கவில்லை என்றாகுமா?"

இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை சீட்டுக் குலுக்கினாலும் கப்பலின் மூக்கு ஒரே திசையில்தான் இருக்கும். "கூடுதல் எரிபொருள் ஏற்ற முடியாதா?" என்று கேட்டோம். ஏற்றினால் கப்பலின் எடை எத்தனை மடங்காகும் என்று ஒரு பக்கம் முழுதும் கணக்குப் போட்டுக் காட்டினார். நமக்குப் புரிந்தவரையில் முடியாது என்பதே அதன் விடை. கிதாபுகளில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னோம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பத்திரத்தில் ஆறாவது நிபந்தனையை மகளே எழுதினார். அவர் உயிருள்ளவரை அவர் பொறுப்பு. பின்னர் குடும்பத்தில் நல்லறிவுடையோர். அப்படி எவரும் முன்வராவிடில் ஓதும் பிள்ளைகள் உள்ள எந்த மதரஸாவுக்கும் கிதாபுகள் போகலாம். 'என்றென்றும்' என்ற சொல்லை நாமே அடித்தோம். சாட்சிக் கையெழுத்துக்கு மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரிக்கு அளவெடுக்க அன்று நாடாவும் கொண்டுவருவாராம்.